கடைமாடு விழுங்கிய சொல்

ஆடும் மாடும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், வைகையின் வடகரையில் ஒரு கிடை இருந்தது. கிடை என்றால் ஒரே இடத்தில் கிடக்கும் தொழுவம் அல்ல. அறுப்பு முடிந்த வயலில் நாலு நாள் தங்கி, அந்த மண்ணுக்கு எரு கொடுத்துவிட்டு, அடுத்த வயலைப் பார்த்து நடந்துவிடும் மந்தை. அதில் மாடும் எருமையும் செம்மறியும் வெள்ளாடும் கலந்து இருந்தன. சட்டி பானையும் படுக்கிற பாயும் சுமப்பதற்கு ஒரு குதிரையும் ஒரு கழுதையும் இருந்தன.

மாடு ஏன் எந்நேரமும் வாயை மென்றுகொண்டே இருக்கிறது என்று மாட்டு வைத்தியரைக் கேட்டால், அதன் வயிற்றுக்குள் நாலு அறை இருக்கிறது என்பார். அவர் சொல்வது சரிதான். விழுங்கியதையே ஏன் திரும்பக் கொண்டுவந்து மெல்லுகிறது என்று கேட்டுப் பாருங்கள், மனிதர் பேச்சை மாற்றிவிடுவார். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்து போகிற கதை இல்லை இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிடையை நடத்தியவள் ஒச்சாயி என்ற பெண். அவள் புருசன் தவசி, குதிரையையும் கழுதையையும் ஓட்டிக்கொண்டு முன்னால் போவான். வழி பார்ப்பதும், போய்ச் சேருகிற இடத்தில் அடுப்பு மூட்டுவதும் அவன் வேலை. மந்தை ஒச்சாயியின் பின்னால் நடக்கும். அந்தக் கிடையில் மூக்கணாங்கயிறு இல்லை, கழுத்துக்கட்டை இல்லை, வேலியும் இல்லை. வா என்றால் வந்தன, நில் என்றால் நின்றன. பேச்சே கயிறாக இருந்தது. அதனால் சொன்ன சொல்லுக்கு அங்கே இருந்த மரியாதை, இன்றைக்கு நம்மிடம் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் வராது.

வடகரை வயல்கள் முடிந்தால் ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போவார்கள். வைகையைத் தெரிந்தவர்களுக்கு அதன் குணமும் தெரியும். பத்து மாதம் மணலாகக் கிடக்கும். மீதி நாளில், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேற்கே மலையில் பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். அதற்காக ஒச்சாயி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மணல் தொடங்குகிற இடத்தில் நின்று, கையிலிருக்கும் நீளக் கம்பைப் பாதைக்குக் குறுக்கே பிடிப்பாள். மந்தை முழுக்க நிற்கும். "கடைசி வந்தாச்சா?" என்று கேட்பாள். எல்லோருக்கும் பின்னால் நடந்து வருகிற மாடு, வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, வாயைத் திறந்து "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பு மேலே போகும். அந்த மாட்டுக்குக் கடைமாடு என்று பெயர். கடைசியில் நடந்தாலும் கிடையில் அதற்குத்தான் முதல் மரியாதை.

ஏழு வருடமாகக் கடைமாடாக இருந்தவள் மயிலை. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். நிதானமான நடை. யாராவது நொண்டினால் தானும் மெதுவாக நடப்பாள், யாராவது முள்ளில் மாட்டினால் கூப்பிட்டுச் சொல்லுவாள். ஏழு வருடத்தில் ஒரு குட்டிகூட அக்கரையில் தவறிப் போனதில்லை. அவளிடம் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. அறுகம்புல்லைக் கண்டால் விடமாட்டாள். முதல் மழைக்குப் பிறகு ஆற்றங்கரையில் படரும் இளசான அறுகைப் பார்த்துவிட்டால், அடுத்த வயலில் வைக்கோல் போர் காத்திருந்தாலும் அவளுக்குத் தெரியாது. யாருக்குத்தான் ஒன்று இல்லை? அதற்காக அவளை யாரும் குறை சொன்னதில்லை.

கிடையில் சுட்டி என்று ஒரு இளம் பசு இருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். தலைச்சன் சினை. சினைப்பட்ட நாளிலிருந்து அவள்தான் மந்தையில் பின்தங்கி வருவாள். அதனால் தினமும் மயிலையோடுதான் நடை. சுட்டிக்கு வாய் ஓயாது. வயிற்றில் இருப்பது இன்று உதைத்தது, நேற்று உதைக்கவில்லை, நாளைக்கு உதைக்குமா என்று கேட்டுக்கொண்டே வருவாள். மயிலைக்குச் சில நாள் அலுத்துப்போகும். "நாங்களும் பெத்தவங்கதாண்டி" என்பாள். ஆனால் சுட்டி ஒருநாள் பேசாமல் நடந்தால், "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று முதலில் கேட்பதும் அவள்தான்.

ஐப்பசி மாதம் ஒருநாள் மத்தியானம். வடகரையில் வேலை முடிந்து, கிடை ஆற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் முன்னால் பெய்த தூறலில் கரையெல்லாம் அறுகு பச்சைப்பசேல் என்று கிடந்தது. முன்னால் போனவர்கள் மணலை நெருங்கும்போது, பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் குனிந்து மேயத் தொடங்கினார்கள். எருமை ஒரு புறம், செம்மறிக் கிடா ஒரு புறம், வெள்ளாடு ஒரு புதரின் மேல். தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமான் ஒன்றும் சற்றுத் தள்ளி நின்று மேய்ந்தது.

சுட்டி மயிலையின் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, இடுப்பு கடுக்குது. இன்னும் நாள் கெடக்குன்னு நெனச்சேன். இல்ல போல."

"நடந்த நடையில அப்படித்தாண்டி இருக்கும். செத்த நில்லு."

"இல்லக்கா, இது வேற மாதிரி இருக்கு. நான் அந்த நாணலுக்குள்ள போறேன். இத்தன பேரு பாக்க எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க ஒச்சாயி ஆத்தாகிட்டச் சொல்லிருங்க. என்னைய விட்டுட்டு ஆத்துல எறங்கிற வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன், போ."

"மறந்துற மாட்டீகளே?"

"ஏழு வருசத்துல நான் என்னத்தடி மறந்தேன்? என் வாய்ச்சொல்லு இல்லாம அந்தக் கம்பு ஏறுமா? பதறாமப் போ."

சுட்டி ஆற்றோரம் அடர்ந்து நின்ற நாணலைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். இவர்கள் பேசியது எருமைக்குக் கேட்டது. கிடாவுக்கும் வெள்ளாட்டுக்கும் மானுக்கும்கூடக் கேட்டது. பின்னால் மேய்ந்தவர்களில் கேட்காத தூரத்தில் யாரும் இல்லை. வெகு முன்னால் போய்விட்ட குதிரைக்கும் கழுதைக்கும் எதுவும் தெரியாது.

மயிலை அப்போதே நடந்து போய் ஒச்சாயியிடம் சொல்லியிருக்கலாம். ஐம்பது அடி தூரம் இருக்கும், அவ்வளவுதான். எப்படியும் கேட்பாளே, கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாமும் அப்படித்தான் நினைப்போம். நினைத்துவிட்டு, காலடியில் கிடந்த அறுகைப் பார்த்துக் குனிந்தாள்.

மணலில் இறங்கி நின்ற தவசி மேற்கே பார்த்தான். மலைப்பக்கம் மை போட்டு இழுத்த மாதிரி கறுத்திருந்தது.

"ஏ ஒச்சாயி, மலையில கொட்டுது போல. வெரசா எறக்கு. நான் முன்னால போறேன்."

அவன் குதிரையையும் கழுதையையும் ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குள் போனான். முழங்கால்கூட நனையாத தண்ணீர். ஒச்சாயி கம்பைக் குறுக்கே பிடித்தாள். மந்தை நின்றது.

"மயிலை, கடைசி வந்தாச்சா?"

மயிலையின் வாய் நிறைய அறுகு. அறுகு மற்றப் புல்லைப் போல இல்லை. கொடியாக ஓடும். பாதி அவள் வாய்க்குள் இருந்தது, மீதி இன்னும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் வழக்கப்படி திரும்பிப் பார்த்தாள். நாணல் அசைந்துகொண்டிருந்தது. அதற்குள் சுட்டி படுகிற பாடு அவளுக்குத் தெரியும். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு, "இல்லாத்தா, நில்லு" என்றால் முடிந்தது. துப்ப மனம் வரவில்லை. அவ்வளவு இளசான புல். விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று, "இரு, சொல்கிறேன்" என்கிற அர்த்தத்தில் தலையை ஆட்டினாள்.

ஒச்சாயி அந்தத் தலையாட்டலைத்தான் பார்த்தாள். மேற்கே ஒரு கண், மயிலையின் மேல் ஒரு கண். ஏழு வருடம் தவறாத மாடு. வாயால் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தவளே, அன்றைக்குத் தலையை மட்டும் பார்த்துவிட்டுக் கம்பைத் தூக்கினாள்.

மந்தை ஆற்றில் இறங்கியது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். சொல்வது கடைமாட்டின் வேலை, போன மாதம் வலியப் போய் ஒன்றைச் சொல்லி நாம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று வெள்ளாடு நினைத்தது. முன்னால் போகிறவர்கள் யோசிக்காமலா போவார்கள் என்று செம்மறிக் கிடா நினைத்தது. எருமை, இன்னும் நேரம் இருக்கிறது, பார்க்கலாம் என்று நினைத்தது. எருமைக்கு எப்போதும் நேரம் இருக்கும். மான், இது நம் கிடை இல்லையே என்று நினைத்தது. நான்கு பேர் வாயிலும் புல் இருந்தது. நான்கு பேரும் விழுங்கிவிட்டு மயிலையைப் பார்த்தார்கள். மயிலை அவர்களைப் பார்த்தாள். யாராவது சொல்லிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். மான் அங்கேயே நின்றுவிட்டது, மற்றவர்கள் நம்பிக்கொண்டே நடந்தார்கள்.

நடு ஆற்றில்தான் மயிலை அந்த அறுகை மெல்லாமல் அப்படியே விழுங்கி முடித்தாள். வாய் காலியானது. ஒச்சாயி பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மயிலையின் மூச்சுச் சத்தம் மாறியிருந்ததோ என்னவோ, அவளே திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மயிலை? என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு."

இதைவிட ஒரு நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? சொல்ல வேண்டியவள் தயங்கும்போது, கேட்க வேண்டியவளே திரும்பிக் கேட்கிறாள். ஆனால் மயிலைக்கு அந்த ஒரு நொடியில் வேறு கணக்கு ஓடியது. இப்போது சொன்னால், அங்கேயே ஏன் சொல்லவில்லை என்பாள். பாதி ஆற்றில் நிற்கும் மந்தையைத் திருப்ப வேண்டும். தவசி அக்கரையிலிருந்து கத்துவான். ஏழு வருடத்துப் பெயர் ஒரு வாய்ப் புல்லில் போய்விடும். தண்ணீரும் முழங்காலுக்குக் கீழேதான் ஓடுகிறது. கன்று போட்டதும் சுட்டி தானாகவே நடந்து வந்துவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

"ஒண்ணுமில்லாத்தா" என்றாள் மயிலை.

ஒச்சாயி முன்னால் திரும்பி நடந்தாள்.

தென்கரையில் ஏறியதும் மந்தை உடம்பை உதறிக்கொண்டது. தவசி ஒரு மருத மரத்தடியில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். மயிலை ஏறிய இடத்திலேயே நின்று எதிர்க்கரையைப் பார்த்தாள். எருமையும் வந்து அவள் பக்கத்தில் நின்றது.

"வந்துருவாள்ல?" என்றது எருமை.

"வந்துருவா" என்றாள் மயிலை.

அப்போதுகூட ஆறு தெளிவாகத்தான் ஓடியது. அப்போது சொல்லியிருந்தால்கூட, ஒச்சாயி ஒரே ஓட்டமாக அக்கரைக்குப் போயிருப்பாள். எருமை ஒருமுறை வாயைத் திறந்தது. மயிலை அதைப் பார்த்தாள். எருமை வாயை மூடிக்கொண்டது.

முதலில் காற்று மாறியது. பிறகு தண்ணீரில் சருகும் நுரையும் வந்தன. மேற்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தவசி கையிலிருந்த பானையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். ஆற்றின் வளைவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் திரும்பி வருவதை எல்லோரும் பார்த்தார்கள். வரும்போதே மணலை, நாணலை, கரையில் நின்ற கருவேல மரத்தை எடுத்துக்கொண்டு வந்தது.

வடகரை நாணலுக்குள்ளிருந்து சுட்டி வெளியே வந்தாள். அவளுடைய காலுக்கிடையில் இன்னும் ஈரம் காயாத கன்று ஒன்று நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் சுற்றித் தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு சின்ன மேடு, அதன் மேல் ஒரு கிழட்டு மருத மரம்.

"அங்க யாரு?" என்றாள் ஒச்சாயி. பிறகு அவளுக்கு நெற்றிப் பொட்டு தெரிந்தது. "சுட்டி. அய்யோ, அது நம்ம சுட்டி."

அவள் கம்போடு தண்ணீருக்குள் ஓடினாள். தவசி துரத்திப் போய் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை.

சுட்டி கன்றை நெற்றியால் முட்டி முட்டி மேட்டின் மேல் ஏற்றினாள். மருத மரத்தின் வேர் இரண்டாகப் பிரிகிற இடத்தில் அதைச் செருகினாள். கன்றுக்கு மட்டும்தான் அங்கே இடம் இருந்தது. பிறகு தென்கரைப் பக்கம் திரும்பி, எதையோ கேட்டாள். ஒரே ஒரு முறைதான். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னமோ கேக்குறா" என்றாள் ஒச்சாயி. "உங்க யாருக்காச்சும் கேக்குதா? என்ன கேக்குறா?"

மயிலைக்குத் தெரிந்தது. சொன்னீகளாக்கா என்று கேட்கிறாள். சுட்டி அப்படித்தான் கேட்டாள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வேறு எதையாவதுகூடக் கேட்டிருக்கலாம். மயிலைக்கு அது வேறு எப்படியும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

வெள்ளைப் பொட்டு ஒருமுறை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ஒச்சாயி மணலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த பிறகு எழுந்து, மயிலையின் முன்னால் வந்து நின்றாள். அடிக்க வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் கேட்டேன்ல. கேட்டுட்டுத்தான கம்பத் தூக்குனேன். நீ தலைய ஆட்டுன. அவ உள்ள இருக்கறது உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மயிலை சொல்லத்தான் நினைத்தாள். இதற்கு மேல் மறைக்க அவளிடம் எதுவும் இல்லை. வாயைத் திறந்தாள். சொல்லைத் தேடி அடிவயிற்றிலிருந்து இழுத்தாள். சொல் வருவதற்கு முன்னால், மெல்லாமல் விழுங்கிய அந்த அறுகு மேலே வந்தது. வாய் நிறைந்துவிட்டது. இதை மென்றுவிட்டுச் சொல்லலாம் என்று மென்றாள். சொல் அந்தப் புல்லோடு பின்னிக் கிடந்தது. மெல்ல மெல்ல அந்த மத்தியானம் முழுவதும் திரும்பி வந்தது. துப்பியிருக்கலாம். தலையை ஆட்டாமல் இருந்திருக்கலாம். அவள் திரும்பிக் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு இருக்கலாமும் இனித்தது. ஏனென்றால் ஒவ்வொன்றிலும் சுட்டி உயிரோடு இருந்தாள். மென்று முடித்து விழுங்கினாள். சொல்லும் புல்லோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

மறுபடியும் வாயைத் திறந்தாள். மறுபடியும் புல் வந்தது.

ஒச்சாயி எருமையிடம் போனாள். எருமை வாயைத் திறந்தது, அதற்கும் புல் வந்தது. கிடாவுக்கு வந்தது. வெள்ளாட்டுக்கு வந்தது. எதிர்க்கரையில் உயரமான இடத்துக்கு ஓடித் தப்பித்திருந்த மானும், அந்தப் பக்கம் தனியாக நின்று வாயை மென்றுகொண்டிருந்தது. கிடையில் மற்ற மாடுகளும் ஆடுகளும் என்ன யோக்கியம்? இவர்கள் முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் ஊகித்திருந்தார்கள், ஊகித்தும் கேட்கவில்லை. அவர்கள் வாயும் அசையத் தொடங்கியது. குதிரையும் கழுதையும் மட்டும் திருதிருவென்று விழித்தன. அதனால்தான் அவை இரண்டும் இன்றைக்கும் தின்றதை ஒரே தடவையில் தின்று முடித்துவிடுகின்றன. அதற்காகக் குதிரை பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. அது நல்லது என்பதால் தப்பிக்கவில்லை, முன்னால் போய்விட்டதால் தப்பித்தது. பின்னால் நின்றிருந்தால் அது என்ன செய்திருக்கும் என்று அதற்கே தெரியாது.

பொழுது சாயும்வரை ஒச்சாயி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தவசியிடம் வந்தாள்.

"வாய் அசையுது. சொல்லு வர மாட்டேங்குது" என்றாள். பிறகு, "அவளச் சொல்லி என்ன? வாயத் தொறந்து சொன்னாத்தான் தூக்கணும்னு விதி வச்சவ நான். நானே தலையப் பாத்துட்டுத் தூக்கிட்டேன்" என்றாள்.

கையிலிருந்த கம்பை ஆற்றில் எறிந்தாள். மறுநாள் காலையில் தவசி உட்கார்ந்து, புளிச்சை நாரை உரித்து, முதல் கயிற்றைத் திரித்தான். பேச்சு அறுந்த இடத்தில் கயிறு வந்தது.

இன்றைக்கும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு அவர் தலையை மட்டும் ஆட்டினால், "தலைய ஆட்டாதே, வாயத் தொறந்து சொல்லு" என்கிறோம். அது அதட்டல் இல்லை. ஒச்சாயியின் பயம்.

வெள்ளம் வடிந்த பிறகு மருத மரத்தின் வேர் இடுக்கில் கன்று உயிரோடு கிடந்தது. பொட்டைக் கன்று. நெற்றியில் அதே பொட்டு. ஒச்சாயி அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மயிலையின் காலடியில் விட்டாள்.

"தாயில்லாதது. நீதான் பாத்துக்கணும்" என்றாள். அது தண்டனையா, மன்னிப்பா என்று அவள் சொல்லவில்லை. மயிலையால் கேட்கவும் முடியவில்லை.

மயிலைக்குப் பால் இருந்தது. கன்று குடித்தது, வளர்ந்தது. அதற்கு வாய் ஓயாது. சுட்டியின் பிள்ளை அல்லவா? இது என்ன பூ, அது என்ன பறவை, ஆறு ஏன் இப்போது சும்மா இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மயிலை நக்கிக் கொடுப்பாள், முதுகை உரசிக் கொடுப்பாள். பதில் மட்டும் வராது. சில நாள் மத்தியான வெயிலில் மரநிழலில் படுத்திருக்கும்போது, கன்று அவள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

"பெரியம்மா, எங்கம்மாவ நீங்கதான கடைசியாப் பாத்தீக? அவ கடைசியா என்ன சொன்னா?"

சொல் வரும். தொண்டைக்கு வரும், நாக்குக்கு வரும். என்னைய விட்டுட்டுப் போக வேணாம்னு சொன்னா. நாலைந்து சொல், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் கன்று அடுத்த கேள்வியைக் கேட்கும். அப்பறம் ஏன் விட்டுட்டுப் போனீக? மயிலை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வந்த சொல்லை மென்று, மெதுவாக விழுங்கிவிடுவாள். கழுத்தில் அது இறங்குவது கன்றுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஏறுவதும் தெரியும். இந்தத் தடவை சொல்லிவிடுவாள் என்று அது காத்திருக்கும்.

எனக்கும் அப்படி ஒரு "ஒண்ணுமில்ல" உண்டு. யாரிடம், எதற்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கேட்டவர் இன்று இல்லை. நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதை நம் ஜனங்கள் அசைபோடுவது என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், ஒச்சாயி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வருகிறது. எத்தனை மென்றாலும் அந்தப் புல் கரைவதில்லை.

பல வாரம் கன்று மயிலையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடு எப்படிக் கூடுகிறது, தாடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்து, அதே மாதிரி தன் வாயையும் அசைத்துப் பார்த்தது. அப்படிச் செய்தால் அம்மா சொன்னது என்னவென்று தனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தது. முதன்முதலாக அறுகைக் கடித்துத் தின்ற நாளில், அதன் வாயிலும் புல் திரும்பி வந்தது. அதோடு அதன் பேச்சும் நின்றது.

அன்று தொட்டுத்தான், பிறந்த கன்று பால் மட்டும் குடிக்கும்வரை சும்மா இருக்கிறது, புல்லில் வாய் வைத்த பிறகே அசைபோடத் தொடங்குகிறது. செய்யாத பிழையை அதுவும் மெல்லுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மாடு, அந்த ஒரு சொல்லை இன்னும் ஒருமுறை நாக்குவரை கொண்டுவந்து, கன்றின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுகிறது.